குடல்வால் தரும் பாடம்

நோயைக்கூட இனத்தின் கணக்கில் எழுதிவைப்பது மனிதரின் பழைய வழக்கம். சிறுவரைத் தாக்கும் குடல்வால் அழற்சியின் வரலாற்றைப் படிக்கையில், அவ்வழக்கத்தை நாம் மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவில், 16 முதல் 18 வயதுள்ள மாணவரைப் பற்றி 1980களில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெள்ளையரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குடல்வால் அகற்றப்பட்டிருந்தது. கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரும் கப்பலேறிச் சென்ற நாடு அது. ஆதலால் நம் கண்கள் நம்மவரைத் தேடின. இந்தியரில் ஏறத்தாழ மூவர். அறுவைக் கணக்கில் மருத்துவமனையை எட்டியவர் மட்டுமே இடம்பெறுவர் என்பது உண்மையே. ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்போர், இது பிறவிக் கூறு என்று முடிவு கட்டக்கூடும்.

காலமோ வேறு சாட்சி சொல்கிறது. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் விரைந்து பெருகிய இந்நோய், 1930களுக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. அதற்குள் அம்மக்களின் இரத்தம் மாறிவிடவில்லை, வாழ்க்கைமுறையே மாறிற்று. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்துக் குறைந்த உணவே காரணம் என்று 1971-இல் எழுதினார். 1985-இல் டேவிட் பார்க்கர் வேறொரு விளக்கம் தந்தார்: வீட்டில் குழாய்நீர் வந்ததால் மழலைப் பருவத் தொற்றுகள் குறைகின்றன, அவ்வாறு வளர்ந்த பிள்ளையைப் பின்னாளில் வரும் தொற்று கடுமையாகத் தாக்குகிறது. விவாதம் முற்றுப்பெறவில்லை. எனினும் இருவரும் சுட்டியது உணவையும் உறைவிடத்தையுமே. தோலின் நிறத்தை அன்று.

நிறம் குறுக்கிடுவது வேறோர் இடத்தில். குடல்வால் நோயோடு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த சிறுவரைப் பற்றிய ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. கடும் வலியில் துடித்த கறுப்பினக் குழந்தைகளுக்கு, வெள்ளைக் குழந்தைகளைவிட மிக அரிதாகவே வலுவான வலிநீக்கி மருந்து தரப்பட்டது என்று அது காட்டிற்று. ஓர் இனத்தில் நோய் அரிதாக இருக்கலாம். அதற்காக, வந்தவரின் வலி குறைந்துவிடுவதில்லை.

நம் இல்லங்களிலும் பிள்ளையின் வயிற்றுவலியைச் சூட்டுவலி என்று தள்ளிவிட்டு, விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் உண்டு. தொப்புளருகே தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலிக்குப் பேதி மருந்து ஆகாது. குடல்வால் வெடிக்க அது வழிசெய்யலாம். யாருக்கு இந்நோய் மிகுதி என்ற கணக்கை ஆய்வாளர் பார்க்கட்டும். அழும் பிள்ளையின் சொல்லை நம்பி, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்வது நம் கடமை.