ஊதாங்குழல் வைத்த கார்

ஃபேர்லேண்ட்ஸ் என்றால் அழகிய நிலங்கள் என்று அர்த்தம். சேலத்தில் எங்கள் பேட்டைக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் யாராக இருந்தாலும் நல்ல ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். காலையில் வடாம் காயப் போட மொட்டை மாடிக்குப் போனால் வடக்கே சேர்வராயன் மலை நீலமாய்த் தெரியும். கீழே பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒரு மாமரம், ஒரு கேட், கேட்டுக்குள் ஒரு கார்.

எங்கள் கேட்டுக்குள்ளும் ஒரு கார் நிற்கிறது. வெள்ளை நிற ஸ்விஃப்ட், டீசல் வண்டி. 2013-ல் வாங்கியது. "ஓடுகிறது" என்று எழுதாமல் "நிற்கிறது" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். அதுதான் விஷயம்.

என் வீட்டுக்காரர் தினம் ஈரோட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த நாளில் வாங்கிய வண்டி அது. அப்போது டீசல், பெட்ரோலை விட லிட்டருக்கு ஏறக்குறைய 20 ரூபாய் மலிவு. 2014 அக்டோபரில் சர்க்கார் டீசல் விலையின் மேல் வைத்திருந்த பிடியை விட்டது. பிறகு அந்த வித்தியாசம் மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது. இவரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். வண்டிக்கு மிஞ்சிய வேலை, காய்கறிக் கடைக்கும் டாக்டர் வீட்டுக்கும் போய் வருவதுதான். "இதற்கு எதற்கு டீசல் கார்? தள்ளிவிடலாம்" என்று இவர் தீர்மானித்து, தரகரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் வருவதாகவும் ஏற்பாடாகிவிட்டது.

அப்போதுதான் அத்தை, அதாவது என் மாமியார், வாயைத் திறந்தார்.

"விக்கிறது இருக்கட்டும். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தறதா பேரனுக்காக வேண்டியிருக்கறேன். பணமும் கட்டியாச்சு. சனிக்கிழமை போகணும்."

சனிக்கிழமைக்கு மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஓட்ட வேண்டியவரோ மாங்காய் பறிக்க ஏணியில் ஏறி, மாங்காயோடு தாமும் கீழே வந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால் என் ராஜ்யத்தின் ஒரு எல்லை சாரதா காலேஜ் ரோடு, மறு எல்லை ஐந்து ரோடு. அதற்கு அப்பால் இந்தக் கார் போன போதெல்லாம் நான் இடது பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து முறுக்கு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான்.

காலண்டர் தாளில் ஒரு உபதேசம்

சனிக்கிழமை விடியற்காலை. இவர் இடது கையால் கோணல் மாணலாக, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஐந்து விதிகள் எழுதிக் கொடுத்தார்.

முதல் விதி: சாவியைத் திருப்பியதும் சுருள் போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஏன் என்று கேட்டேன். டீசல் என்ஜினில் நெருப்புப் பொறி கிடையாதாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அந்த மாதிரி காற்றை வெகுவாக நெருக்கிச் சூடாக்கி, அதில் எண்ணெயைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த என்ஜினுக்கு மட்டும் முதலில் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த விளக்கு.

இரண்டாவது: முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டாலே வண்டி நகரும், ஆக்ஸிலேட்டரை மிதித்து ஆர்ப்பாட்டம் செய்யாதே. மூன்றாவது: கிளட்சின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டாதே. நான்காவதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்: "2,000 சுற்றுக்குக் கீழே வண்டியிடம் எதையும் எதிர்பார்க்காதே." ஐந்தாவது: ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காதே, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணை.

முதுகுக்கு ஒரு தலையணை, காலில் செருப்பில்லாமல் வெறும் பாதம், பக்கத்தில் அத்தை. கடகடவென்று என்ஜின் உயிர் பெற்றது. பெட்ரோல் கார் முணுமுணுக்கும். டீசல் கார் வாய்விட்டுப் பேசும். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அண்டை வீட்டு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் ஆசனத்தில் என்னைப் பார்த்ததும் கோலமாவு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

ஐந்து ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினேன். ஏற்றத்தில் வண்டி சோம்பியது. சரி, தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். குரங்குச்சாவடி, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். இடது பக்கம் ஜருகுமலை எழுந்து நின்றது. காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை எங்களுக்கு முன்னால் விரிந்தது. இதைத்தான் பழைய ஆட்கள் இன்னமும் "ஏழாம் நம்பர் ரோடு" என்கிறார்கள்.

நாலாவது விதி

மல்லூரைத் தாண்டியதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வருகிற இடம்தான் ஆபத்தான இடம்.

முன்னால் ஒரு டாங்கர் லாரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்துவதற்காக வலது பக்கத் தடத்துக்கு மாறினேன். வேகம் 55 கிலோமீட்டர், கியர் ஐந்து. லாரிக்கு இணையாக வந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை! இன்னும் அழுத்தினேன். என்ஜின் "உம்" என்று முனகியது, அவ்வளவுதான். லாரியின் சக்கரம் அத்தையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கிறது. பின்னால் ஒரு பஸ், கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறது. ஹாரன் காதைப் பிளக்கிறது. முன்னே போகவும் முடியவில்லை, பின்வாங்கவும் வழியில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "ஆஞ்சநேயா, உன்னைப் பார்க்கத்தானே வர்றோம்!" என்றார்.

அந்த நேரத்தில் அடிக்கோடு போட்ட நாலாவது விதி ஞாபகம் வந்தது. முள்ளைப் பார்த்தேன். 1,500-ஐக்கூட எட்டவில்லை. கிளட்சை மிதித்து ஐந்திலிருந்து மூன்றாம் கியருக்கு இறக்கினேன். முள் 2,000-ஐத் தாண்டியது. அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து கைகொடுத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. லாரி பின்தங்கியது. இடது பக்கம் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழிவிட்டேன். லாரி டிரைவரும் தம் பங்குக்கு வேகத்தைக் குறைத்திருக்கிறார் என்பது கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையை வெளியே நீட்டி, "போம்மா, போ" என்று சைகை காட்டினார். அந்த மனிதர் நன்றாயிருக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் போய், நிழல் கண்ட இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். கை நடுங்கியது. ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்த அத்தை, "என்ன ஆச்சு கண்ணு?" என்று கேட்டார்.

"ஊதாங்குழல் வேலை செய்யலைங்க அத்தை" என்றேன்.

இந்த என்ஜின் 1,248 சி.சி. தான், குதிரைச் சக்தி 75. இத்தாலி தேசத்து ஃபியட் கம்பெனி 2003-ல் வெளியிட்ட என்ஜின் இது. நம் நாட்டில் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கார்களுக்குள் இதுவே இருந்தது. சின்ன அடுப்பில் பெரிய சமையல் செய்வதற்காக இதற்கு டர்போ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வெளியே போகும் புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றை நெருக்கி என்ஜினுக்குள் ஊதும். தன் புகையைக் கொண்டே தன் அடுப்பை ஊதிக்கொள்ளும் அடுப்பு! ஆனால் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகையில் வேகம் இல்லை, ஊதாங்குழலும் தூங்கும். 2,000 சுற்றுக்கு வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். அப்போது அதன் பலமே வேறு.

ஆகவே டீசல் காரில் முந்துவதற்கு முன்பே கியரை இறக்கி அதை எழுப்பிவிட வேண்டும். பக்கத்தில் போன பிறகு எழுப்பினால் என் கதிதான்.

வடையும் லாரியும்

அப்புறம் பிரயாணம் சுகமாக இருந்தது. மரவள்ளித் தோட்டங்கள், நீள நீளமான கோழிப் பண்ணைகள், இடது பக்கம் போதமலை. எண்பதில் வண்டி தடுமாற்றம் இல்லாமல், பேச்சுத் துணைபோல ஓடியது. ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் சிடுசிடுத்த அதே என்ஜினா இது என்று ஆச்சரியமாயிருந்தது. ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது இவ்வளவு சீக்கிரமா என்று இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, என்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். "அணைக்கலையா?" என்றார் அத்தை. "ஊதின சக்கரம் சூடாயிருக்கும், ஆறட்டும்" என்றேன். எனக்கே என் பேச்சு புதிதாயிருந்தது.

பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் மேலே கூரையே இல்லாமல், வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நிற்கிறார். எதிரே மலையைக் குடைந்த கோயிலில் நரசிம்மர். அங்கேதான் நாமகிரித் தாயார். கணித மேதை ராமானுஜன் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம் அவள். வடைமாலை சாத்தி, தீபாராதனை ஆனபோது அத்தையின் கண்கள் நிறைந்துவிட்டன. பேரனுக்காக என்று நினைத்தேன். "உன்னைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்ததுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

ஊருக்குள் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. சட்டம் மட்டும் உள்ள லாரிகளுக்கு உடம்பு கட்டும் பட்டறைகள், வர்ணம் பூசுகிறவர்கள், டயர்க் கடைகள். நம் அடுப்பில் எரியும் சமையல் வாயுவைச் சுமக்கும் டாங்கர்கள் இங்கிருந்துதான் நாலு திசைக்கும் போகின்றன. கேரளத்துக்கு முட்டை போவதும் இங்கிருந்துதான். எல்லாம் டீசலின் தயவு. இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-ல் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1913-ல் இங்கிலாந்துக்குப் போகக் கப்பலில் ஏறியவர் அக்கரையில் இறங்கவேயில்லை, கடலில் மறைந்துபோனார். நாமக்கல்லைப் பார்க்க அவர் கொடுத்து வைக்கவில்லை.

டீசலுக்கு மறுபக்கமும் உண்டு. அதன் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது, மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அதனால் எங்கள் வண்டிக்குத் தம்பி பிறக்கப் போவதில்லை. புகைப் பரிசோதனையைத் தவணை தவறாமல் செய்ய வேண்டியது எங்கள் கடமை.

திரும்பும் வழியில் ராசிபுரத்துக்குள் நுழைந்து, பேர்பெற்ற அந்த ஊர் நெய் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டோம். வீடு வந்து டாங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்திருந்தது. தெருக்களில் மட்டும் ஓடியபோது பதினைந்தைத் தாண்டியதில்லை.

தீர்ப்பு

"வண்டி எப்படி?" என்று கேட்டார் இவர்.

உள்ளதைச் சொன்னேன். காய்கறி வாங்க டீசல் கார் வேண்டியதில்லை. என்ஜின் சூடாகுமுன் அணைத்து அணைத்து வண்டியைக் கெடுப்பதுதான் மிச்சம். அக்கம்பக்கம் போக மட்டும் கார் வேண்டுகிறவர்கள் பெட்ரோல் வண்டி வாங்குவதே புத்திசாலித்தனம். இதற்கு வேண்டியது நீண்ட சாலை. அதைக் கொடுப்பதானால் வைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் விற்றுவிடுவதே நியாயம்.

மல்லூர்ச் சம்பவத்தையும் மறைக்காமல் சொன்னேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்படியானால் விற்றுவிடலாம்" என்றார்.

"கடைக்கு நடந்து போலாம், காலுக்கு நல்லது" என்று அத்தை குறுக்கிட்டார். "மாசத்துக்கு ஒரு ஊர் போகட்டும் வண்டி. அதுவும் எத்தனை நாள்தான் வீட்டுக்குள்ளேயே நிக்கும்? ஓட்டத்தான் ஆள் இருக்குதே!"

காரைப் பற்றித்தான் சொன்னாரா, என்னைப் பற்றியும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வண்டி பார்க்க வந்தவருக்கு விஷயத்தைச் சொல்லி, சூடாகக் காப்பியும் ஆஞ்சநேயர் மாலையிலிருந்து இரண்டு வடையும் கொடுத்து அனுப்பினோம். அவரும் சந்தோஷமாகவே போனார்.

அடுத்த மாதம் கொல்லிமலைக்குப் போவதாகத் திட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! இவர் இப்போதே காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். முதல் விதியாக நாலாவது விதியையே எழுதி, இரண்டு அடிக்கோடு போட்டிருந்தார்.