கதாநாயகி நின்ற பாறை

கோயில், குளம் என்று யாத்திரை போவது நம் நாட்டில் பழைய வழக்கம். கதாநாயகி நின்ற பாறை, கதாநாயகன் குடை பிடித்த பாலம் என்று யாத்திரை போவது புதிய வழக்கம். இரண்டுக்கும் பக்தி வேண்டும். செலவு மட்டும் இரண்டாவதற்குத்தான் கூடுதல் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு கொரியாவிலிருந்து ஆரம்பித்தது. ஆச்சரியப்பட வேண்டாம். மணிமங்கலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொரியா அவ்வளவு தூரமில்லை. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்களின் தொழிற்சாலை 1998 முதல் கார் செய்து அனுப்பிக் கொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் கடைப் பலகைகளில்கூடக் கொரிய எழுத்து கண்ணில் படும். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த என் பெண்ணோ, தமிழ் பேசும் கொரியத் தொடர்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, ரசம் சாதத்தைக் குச்சியால் சாப்பிட முடியுமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, லீவுக்கு ஜுமுன்ஜின் போகலாமா?" என்றாள் ஒரு நாள்.

"அது எங்கே இருக்கிறது? ஒரகடத்துக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டேன்.

பெண் தலையில் அடித்துக் கொண்டு விளக்கினாள். 2016, 2017-ல் வந்த 'காப்ளின்' என்ற தொடரில், கதாநாயகி கடலுக்குள் நீளும் ஒரு கல் அணையில் நின்று மெழுகுவத்தியை ஊதி அணைக்கிறாள். கதாநாயகன் வந்து நிற்கிறான். அவ்வளவுதான் சங்கதி! அந்தக் கல் அணை கொரியாவின் கிழக்குக் கரையில், காங்னுங் நகரத்தைச் சேர்ந்த ஜுமுன்ஜினில் இருக்கிறது. அன்று முதல் உலகத்திலுள்ள பெண்களெல்லாம் அங்கே போய், கையில் ஒரு பூங்கொத்துடன் வரிசையில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்களாம். அதே ஊர்க் கடற்கரையில் ஒரு பாட்டுக் குழு தன் இசைத்தட்டின் அட்டைப் படத்துக்காக ஒரு பஸ் நிறுத்தக் கொட்டகை போட்டிருந்தது. வேலை முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். தேடி வந்த ரசிகர்கள் வெறும் மணலைப் பார்த்துவிட்டுப் போகும்படி ஆயிற்று. பிறகு அதே மாதிரிக் கொட்டகை ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டார்கள். பஸ் வராத பஸ் நிறுத்தம்!

இங்கிலாந்திலும் இந்தக் கதைதான். கார்ன்வால் கடலோரத்தில் போர்ட் ஐசக் என்று சின்ன மீனவ ஊர். 2004 முதல் 2022 வரை நடந்த 'டாக் மார்ட்டின்' என்ற டெலிவிஷன் தொடர் அங்கேதான் எடுக்கப்பட்டது. தொடரில் ஊருக்குப் 'போர்ட்வென்' என்று பெயர். வருகிறவர்கள் டாக்டர் வீடு எது என்று கேட்டுக் கொண்டு அதன் வாசலில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். கதையில் வரும் டாக்டருக்கோ ரத்தத்தைக் கண்டாலே ஆகாது.

விமான டிக்கெட் விலையைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குள் தலையை நுழைத்துக் கொண்டார். பெண்ணின் முகம் வாடியது. "கவலைப்படாதே, எங்கள் காலத்துக் கடற்கரை ஒன்றைக் காட்டுகிறேன் வா" என்று நான் சொல்லிவிட்டேன். அப்படித்தான் நாங்கள் மூவரும் மே மாதத்தில் முட்டத்துக்குக் கிளம்பினோம்.

'அலைகள் ஓய்வதில்லை' 1981-ல் வந்தபோது நான் கைக்குழந்தை. பார்த்தது பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, தெருவில் பணம் போட்டு டெக் வாடகைக்கு எடுத்த ஒரு ராத்திரியில். பாரதிராஜாவின் படம். கார்த்திக்குக்கும் ராதாவுக்கும் அதுவே முதல் படம். பிராமணப் பையனும் கிறிஸ்துவப் பெண்ணும் காதலித்து, கடைசியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறார்கள். அந்த இடம் வந்ததும் எங்கள் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தைகள் உட்கார்ந்து அழுதார்கள். அதே கரையில் 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்தார். ஊருக்கு அடங்காத சத்யராஜ், டீச்சர் ரேகாவிடம் படிப்புக் கற்றுக் கொள்ளப் போகிற கதை. ரேகாவுக்கும் அது முதல் படம்.

அதற்கு முன்னால் நம் படங்களில் கிராமம் என்றால் பெரும்பாலும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் போட்ட செட்டுத்தான். 1977-ல் 'பதினாறு வயதினிலே' எடுத்தபோதே பாரதிராஜா காமிராவைத் தூக்கிக் கொண்டு நிஜமான கிராமத்துக்குப் போய்விட்டார். முட்டத்துக்கு வந்தது அதே வழியில்தான். மலையாளத்தில் 1965-லேயே 'செம்மீன்' இதைச் செய்திருந்தது. தகழியின் நாவல் ஆலப்புழைப் பக்கத்துக் கடற்கரையைப் பற்றியது. ராமு காரியாட் படம் எடுத்ததோ வடக்கே திருச்சூர்ப் பக்கத்து நாட்டிகையில். கதை ஒரு கரை, காட்சி ஒரு கரை! ரசிகர்கள் எந்தக் கரைக்குப் போய் நிற்பது?

தாம்பரத்தில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடிகாலையில் நாகர்கோவில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மட்டிப் பழம் வாங்கிக் கொண்டோம். விரல் நீளந்தான் இருக்கும். வாசனை மட்டும் ஒரு கூடைப் பழத்துக்கு உரியது. டவுன் பஸ் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஓட்டு வீடு, மாடி வீடு, அடுத்த வளைவில் ஒரு மாதா குருசடி, அதற்கடுத்த வளைவில் ஒரு அம்மன் கோயில். முட்டம் நெருங்கும்போது மண் திடீரென்று செக்கச் செவேலென்று மாறுகிறது. மழை அரித்து அரித்து, குன்றும் பள்ளமுமாக நிற்கிற சிவப்பு மணல். அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம். அதன் கீழே கரும்பாறைகள். அப்புறம் அரபிக் கடல்.

மெரினாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கடல் வேறு. மெரினாவில் கடல் நம்மிடம் வருகிறது. இங்கே கடல் பாறையோடு சண்டை போட்டுக் கொண்டிருக்கிறது. நாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அலை வந்து மோதியதும் வெள்ளையாக எழும்பி, நீர் பாறை இடுக்குகள் வழியே பால் வடிவதுபோல் இறங்குகிறது. சினிமாவில் பார்த்தபோது இந்தச் சத்தம் இவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. அங்கே இளையராஜாவின் வாத்தியங்கள் இருந்தன அல்லவா?

சரி, கதாநாயகி நின்ற பாறை எது? மீன் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிமார்களைக் கேட்டேன்.

"அந்தா தெரியுதுல்லா, அந்தக் கொம்புப் பாறைதான்" என்றாள் ஒருத்தி.

"போடி, நீ என்னத்தக் கண்ட? அது ரெண்டாவது படம். மொதல் படம் எடுத்தது இந்தப் பக்கம். நான் கூட்டத்தில நின்னு பாத்தவ" என்றாள் மற்றவள்.

பேச்சு முற்றியது. பாறை பின்னால் போய், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்கிற வரைக்கும் வந்துவிட்டது. என் பெண் கைபேசியில் படத்தை ஓட்டிக் காட்டி, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்தாள். சின்னத் திரையில் கடலைப் பார்த்ததும் இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். ராதாவைப் பார்க்கவில்லை, பின்னால் கரையில் கிடந்த வள்ளங்களைப் பார்த்து, "இது யாருக்க வள்ளம்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டிமார்களை நான் குறை சொல்ல முடியாது. எங்கள் மணிமங்கலமும் ஒரு கதை நடந்த ஊர்தான். கி.பி. 642-ஐ ஒட்டி நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியின் சாளுக்கியப் படையைத் தோற்கடித்த போர்க்களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. 'சிவகாமியின் சபத'த்தில் அந்த ஊர்ப் பெயரைப் படித்தவர்கள் எத்தனை லட்சமோ! கல்கி அந்தக் கதையை 1944 முதல் தொடராக எழுதியபோது வாரா வாரம் காத்திருந்து படித்திருக்கிறார்கள். அந்த மணிமங்கலத்தில் நான் தினமும் என்ன பார்க்கிறேன்? தண்ணீர் லாரி வந்ததா, கம்பெனி பஸ் போயிற்றா என்பதைத்தான். ஏரிக்கரையில் நின்று பல்லவ சைன்யத்தை நினைத்துக் கொண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ் வராததால்.

மாலையில் கூட்டம் கூடியது. முட்டத்தில் சூரியன் கடலிலேயே விழுகிறது. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் பட்டுப் பாவாடை தாவணியில் பாறைமேல் நின்று படம் எடுத்துக் கொண்டார்கள். என் பெண்ணும் எனக்குத் தெரியாமல் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டு வந்திருந்தாள்! அந்தக் காற்றில் அதை ஏற்றினால்தானே ஊதி அணைக்க? ஆறு தீக்குச்சி செலவானதுதான் மிச்சம்.

அப்போதுதான் கவனித்தேன். உள்ளூர்ப் பெண்கள் சிலரும் கடலைப் பார்த்து நின்றார்கள். காலையில் சண்டை போட்ட பாட்டிகளில் ஒருத்தியும் அங்கே இருந்தாள். அஸ்தமனத்தை ரசிக்கிறார்களாக்கும் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் உதடு அசைந்து கொண்டிருந்தது. ஜபம் இல்லை, எண்ணுகிறாள்.

"எத்தனை வந்திருக்கு பாட்டி?"

"எங்க தெருவுல அஞ்சு போச்சு. நாலு வந்தாச்சு."

இந்தக் கரை அப்படி எண்ணக் கற்றுக் கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்ச் சேதம் கண்டது கன்னியாகுமரி மாவட்டம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த இந்த மாவட்டத்து மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. நாங்கள் நின்ற இடத்தில் சினிமாப் பாட்டு ஒன்று யாருடைய கைபேசியிலிருந்தோ கேட்டுக் கொண்டிருந்தது. என் பெண் மெழுகுவத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு, பாட்டி பக்கத்தில் நின்று தானும் கண்ணை இடுக்கிக் கொண்டு பார்த்தாள். ஐந்தாவது வள்ளம் இருட்டிய பிறகு வந்தது. பாட்டி எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக் கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மணவாளக்குறிச்சிக்குப் போனோம். முட்டத்திலிருந்து கிட்டத்தில்தான். அங்கே கடல் மணல் பல இடங்களில் கறுப்பாக இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தோரியம் கிடைக்கிற மணல். அந்தக் காலத்துக் காஸ் விளக்கின் வலைக்கு அது அவசியமாக இருந்தது. இன்று அங்கே மணலைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை இருக்கிறது. இன்னும் பல இடங்களில் மணல் எடுக்கப் போகிறார்கள் என்றதும் மீனவ ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. கயிற்றில் ஒட்டிய ஒரு பிடி மணலிலிருந்து எத்தனை வம்பு பாருங்கள்!

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜூன், ஜூலை வேண்டாம். மேற்குக் கரையில் கடல் மூர்க்கமாயிருக்கும் காலம் அது, விசைப்படகுகளுக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். எந்த மாதமானாலும் ஈரமான பாறையில் கால் வைக்காதீர்கள். காய்ந்த பாறை வரை போகலாம். அலை தொட்ட பாறை கடலுக்குச் சொந்தம். குடிதண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும், நிழல் குறைவு. மீன் சாப்பிடுகிற வீடாயிருந்தால், கரையிலேயே சாளையோ நெத்திலியோ விசாரியுங்கள். எங்கள் வீட்டுக்காரர் பேரம் பேசத் தொடங்கினார். "சாரே, இது ஒங்க கம்பெனி சாமானில்ல, கடல் சாமான்" என்று ஒரு பெண்மணி சொன்னதும், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தார். கூட ஒரு கைப்பிடி நெத்திலியை அவளே அள்ளிப் போட்டாள்.