வெளிநாடு போய்த் திரும்பிய வெள்ளரி

சித்திரை பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு ஒரு புது வாசனை வந்துவிடும். பூக்கடை, கற்பூரம், காபிக்கொட்டை வாசனைகளுக்கு நடுவே, நறுக்கிய வெள்ளரியின் பச்சை வாசனை. கோணியை விரித்துப் பிஞ்சுகளைக் குவித்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் வியாபாரிகள். வாங்க வருபவர்கள் விலைக்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“கசக்காதே?”

“ஒண்ணு கடிச்சுப் பாரும்மா, அப்புறம் காசு குடு.”

இந்தக் கேள்விக்கு வயது பல ஆயிரம் ஆண்டுகள். வெள்ளரியின் பூர்வீகம் இந்தியா. அதன் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தில் இன்றும் கொடியாகப் படர்கிறது. காய் சின்னது, கசப்போ தாங்காது. பூச்சியும் விலங்கும் அண்டாமல் இருக்கச் செடி தயாரிக்கும் குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. கசப்பு குறைந்த காயின் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்த யாரோ சில விவசாயிகள்தான் முதல் வெள்ளரி விஞ்ஞானிகள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியில் சில சமயம் பழைய குணம் தலைகாட்டும். கசப்பு அதிகம் சேர்வது காம்புப் பக்கமும் தோலிலும்தான். காம்பு முனையை நறுக்கித் தேய்த்து நுரை எடுக்கும் பாட்டிகளின் பழக்கத்தில், தேய்ப்பதைவிட நறுக்கி எறிவதுதான் உண்மையில் வேலை செய்கிறது.

சற்றுத் தள்ளி, வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழம் இருக்கும். நாட்டுச் சர்க்கரை போட்டுச் சாப்பிட அதற்கு ஈடில்லை. ஆனால் அது வெள்ளரி பழுத்ததல்ல, முலாம்பழ வகை. வெள்ளரிக்கு 7 ஜோடி குரோமோசோம்கள், முலாம்பழத்துக்கு 12 ஜோடி. பெயரில் ஒட்டினாலும் இரண்டையும் கலந்து ஒரு புது ரகம் எடுப்பது லேசில்லை. சளிக்கு அடை தட்டிச் சாப்பிடும் முசுமுசுக்கைதான் இன்னொரு உறவுக்காரர். 1753-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் குக்குமிஸ் மதராஸ்படானஸ். வெள்ளரிக் குடும்பத்தில் ஒருவர் நம் சென்னையின் பெயரையே சுமக்கிறார்!

தி.நகர் வெள்ளரி வேறு மாதிரி. ரங்கநாதன் தெருவில் நசுங்கி, பைகளோடு வெளியே வந்து மூச்சு விடுபவர்களுக்குத் தள்ளுவண்டிதான் கதி. நீளவாக்கில் நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டுகிறார்கள். வண்டியில் அடுக்கியிருக்கும் காய்கள் பெரும்பாலும் ஒரே நீளம், ஒரே பச்சை. இப்படி அச்சில் வார்த்தது போன்ற காய்கள் வீரிய ஒட்டு ரகங்களின் வேலை.

சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண் பூக்கள்தான் அதிகம். காயாவது பெண் பூ மட்டும். ஆகவே பெண் பூக்களாகவே பூக்கும் கொடிகளைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் குணத்தைக் கொண்ட தாயோடு வேறொரு நல்ல ரகத்தைச் சேர்த்தால் விளைச்சல் கூடியது. இமாச்சலப் பிரதேசத்தின் கட்ராயின் ஆய்வு மையத்தில் உருவான பூசா சன்யோக் அப்படி ஒரு ரகம். பிளாஸ்டிக் உறை போட்டு சூப்பர் மார்க்கெட்டில் படுத்திருக்கும் இங்கிலீஷ் வெள்ளரி இன்னும் ஒரு படி மேலே. அதற்கு மகரந்தமும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். விதையில்லாமலே காய்த்துவிடும். கடிக்கும்போது சத்தம் வரும். வாசனைக்கு மயிலாப்பூர் கோணிக்கே திரும்ப வேண்டும்.

இதைவிடச் சுவையான கதை பாயின்செட் என்ற ரகத்துக்கு உண்டு. ஈரக்காற்று அடிக்கும் ஊர்களில் வெள்ளரியின் எமன் அடிச்சாம்பல் நோய். இலையின் மேலே மஞ்சள் திட்டு, அடியில் சாம்பல் பூஞ்சை, சில நாட்களில் தோட்டமே கருகிவிடும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் இதோடு போராடிய ஆராய்ச்சியாளர்கள், உலகெங்கும் இருந்து சேகரித்த விதைகளைப் போட்டுப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, 197087 என்ற எண் மட்டும். அதன் எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்து 1966-ல் வெளியிட்ட ரகம்தான் பாயின்செட். பிறகு அது இந்தியாவுக்கே வந்து, இங்கே பரிந்துரைக்கப்படும் ரகங்களில் ஒன்றாகிவிட்டது. வெளிநாட்டு விதை என்று சொல்லி விற்றாலும் தாய்வீடு இதுதான்.

2004-ல் அமெரிக்காவில் புது வீரியத்தோடு அந்த நோய் திரும்பி வந்தது. பழைய எதிர்ப்பு போதவில்லை. மறுபடி விதைக் கிடங்கைத் துழாவியபோது நம்பிக்கை தந்தவற்றில் ஒன்று 197088. ஆமாம், அடுத்த எண், அதுவும் இந்திய விதையே. யாரோ ஒரு விவசாயி ஒரு பிடி விதையைக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

அடையாறில் இந்தக் கேள்வி மொட்டைமாடிக்கு வந்துவிடுகிறது. காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம் வளர்ப்புப் பைகளில் வெள்ளரி போடும் வீடுகள் உண்டு. “பூ பூக்குது, பிஞ்சு நிக்கலையே” என்பது கோடைகாலப் புலம்பல். கடும் வெயிலில் ஆண் பூக்கள் கூடும் என்பது ஒரு காரணம், ஐந்தாவது மாடிக்குத் தேனீ ஏறி வராதது இன்னொன்று. காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும்.

கடையில் வாங்கிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்தவர்கள் அடுத்த வருடம் ஏமாறுகிறார்கள். ஒரு கொடியில் குட்டை, ஒன்றில் நெட்டை, ஒன்றில் காயே இல்லை. தாய், தகப்பன் குணங்கள் பிரிந்துவிடுவதால் வரும் வினை. விதை வேண்டுமென்றால் நாட்டு ரகம்தான் போட வேண்டும்.

அடையாறை அடுத்த தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1988-ல் தொடங்கியது. பயிர் ரகங்களையும் விவசாயிகளின் உரிமைகளையும் காக்கும் 2001-ம் ஆண்டுச் சட்டத்துக்கான ஆரம்ப வரைவுகளில் ஒன்று இங்கே உருவானது. விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தால், பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

விதைக்காக விடும் காயைப் பறிக்கக் கூடாது. மஞ்சளாகி, பழுப்பேறி, பார்க்க அசிங்கமாகும்வரை கொடியிலேயே கிடக்கட்டும். பிறகு விதையைச் சதையோடு வழித்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு அலசினால் சோடை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து, ரகத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதி வைத்தால் அடுத்த தை மாதம் எடுத்துக்கொள்ளலாம்.