கைக்குள் அடங்கிய கச்சேரி

நல்ல மேளக்கச்சேரியொன்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் இரவில் உறக்கம் எளிதில் வருவதில்லை. காலி வீதியில் கடைசி பஸ் ஓய்ந்த பின்னரும் காதுக்குள் தவில் ஓயாது. “இன்னுமொரு முறை கேட்கக் கிடைத்தால்!” என்று மனம் ஏங்கும். எம் பாட்டனார் காலத்தில் அவ்வேக்கத்துக்கு நினைவு ஒன்றுதான் மருந்து. எம் தந்தையார் காலத்தில் ஒலிநாடா வந்தது. இன்றோ, சட்டைப்பையில் அடங்கும் கருவியொன்று இரவு முழுவதையும் பதிந்து தருகிறது. ஆயினும் எத்தகைய கருவியை வாங்குவது, அதனை எங்ஙனம் கையாளுவது என்பதை அறிந்துகொள்வதற்கு நாம் ஒரு நல்ல இரவை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. அவ்விழப்பு வாசகர்க்கு நேராதிருக்கட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

வெள்ளவத்தையில் நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் முன்மண்டபத்தில், வெள்ளைத் துணி போர்த்திய பெரிய ஒலிப்பதிவுப் பெட்டியொன்று இருந்தது. இரு சக்கரங்களில் நாடா சுழலும் பழைய வகை அது. சிறுவர்களாகிய எமக்கு அதனைத் தொட அனுமதியில்லை. இலங்கை வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளைத் தந்தையார் அதிற் பதிந்து வைப்பார். திருவிழாக் காலங்களில் அப்பெட்டியை வாடகைக் காரில் ஏற்றிக் கோயிலுக்கே கொண்டு செல்வதும் உண்டு. அவர் சேர்த்த நாடாக்களுள் பொன்னேபோற் போற்றியது, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் தவில் வாசிப்பு அடங்கிய நாடாவையாகும். 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த அம்மேதையை நேரிற் கண்டிராத தலைமுறையினர், அவருடைய கைவண்ணத்தைப் பழைய ஒலிப்பதிவுகளின் வாயிலாகவே இன்று கேட்டறிகின்றனர்.

1983 ஜூலையில் அவ்வீடு எரிந்தது. உயிர்கள் தப்பின, நாடாக்கள் தப்பவில்லை. பிற்காலத்தில் தந்தையார் இழந்த தளபாடங்களைப் பற்றியோ நகைகளைப் பற்றியோ பேசியதாக நினைவில்லை. “வீட்டைத் திரும்பக் கட்டலாம், அந்த இரவைத் திரும்பக் கட்டேலாது” என்று மட்டும் எப்போதாவது சொல்வார். அச்சொல்லின் பொருள் எமக்கு முழுமையாக விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

கொட்டாஞ்சேனையில் உள்ள ஓர் அம்மன் கோயிலுக்கு, ஆண்டுதோறும் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து முதிய நாதஸ்வர வித்துவான் ஒருவர் வருவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இரவு, பூசை முடிந்து சனம் கலைந்த பின், வசந்த மண்டபத்தில் அமர்ந்து அவர் தோடியை எடுத்தார். அத்தகைய தோடியை நாம் அதற்கு முன் கேட்டதில்லை. எமது கைத்தொலைபேசியை எடுத்துத் தூணருகே வைத்துப் பதிந்தோம். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக எண்ணியே வீடு வந்தோம்.

வீட்டில் அதனைக் கேட்டபோது நெஞ்சு குளிர்ந்தது எட்டு நிமிடந்தான். தவில் சேர்ந்ததும், யாரோ நாதஸ்வரத்தின்மேல் தலையணையை வைத்து அமுக்கியதுபோல அது உள்ளே போயிற்று. தவில் நின்றதும் மெல்ல மேலெழுந்தது. கூடவே மின்விசிறியின் இரைச்சலும் சனத்தின் பேச்சும் எழுந்தன. தனித் தவில் உச்சிக்கு ஏறிய இடங்களில் ஓசை கந்தலாய்க் கிழிந்துபோயிருந்தது.

குற்றம் தொலைபேசியினுடையதன்று. அது மனிதப் பேச்சுக்கென அமைந்தது. மெல்லப் பேசினால் ஒலியைத் தானே கூட்டும். உரக்கப் பேசினால் தானே குறைக்கும். பேச்சுக்கு உதவியாகும் அக்குணமே இசைக்குப் பகையாகிறது. ஒலி அளவுக்கு மிஞ்சும்போது அலையின் தலை வெட்டுண்டு போகிறது. அங்ஙனம் வெட்டுண்டதை எந்தக் கணினியும் பழுதின்றி மீட்டுத் தராது.

மறு ஆண்டு அந்த வித்துவான் வாசிக்க வரவில்லை. பற்கள் விழுந்துவிட்டமையாற் சீவாளி பிடிபடவில்லையாம். வெள்ளவத்தையில் மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். அவருடைய சீடப்பிள்ளை ஒருவர் அவ்விடத்தில் வாசிக்கப் போவதாக அறிந்தோம். இம்முறையாவது ஒழுங்காகப் பதிவோம் எனத் தீர்மானித்துக் கருவி வாங்கப் புறப்பட்டோம்.

பம்பலப்பிட்டியில் ஒரு கடை. அங்கிருந்த இளைஞர் பெட்டியொன்றை எடுத்து வைத்து, “சேர், இது 192 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் பதியும். இதுக்கு மேல ஒண்டுமில்லை” என்றார். எண்ணைக் கண்டு மயங்குவது எமக்குப் பழக்கமாகையால் பணப்பையிற் கைவைத்தோம். ஆயினும் வீட்டில் முன்னரே சிறிது படித்து வைத்திருந்தது கைகொடுத்தது.

மனிதச் செவி கேட்கக்கூடிய மிகக் கூரிய ஒலி ஏறக்குறைய 20 கிலோஹேர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஓர் ஒலியைப் பழுதின்றிப் பதிய அதன் இருமடங்கிற்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுத்தாற் போதும். 1982 இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டு 44.1 கிலோஹேர்ட்ஸில் அமைந்தது இதனாலேதான். ஆகவே 48 கிலோஹேர்ட்ஸ் எமக்குத் தாராளம். கவனிக்க வேண்டிய எண் மற்றையது. அதாவது ‘பிட்’ கணக்கு. மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே கருவி எவ்வளவு தூரத்தை அடக்க வல்லது என்பதை அது காட்டும். 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபெல்லை அடக்கும். 24 பிட் கணக்களவில் 144 டெசிபெல் வரை அடக்கும். தனி நாதஸ்வரத்தின் இழைவும் தவிலின் இடியும் ஒரே கச்சேரியில் வருமாதலால், 24 பிட்டுக்குக் குறையாதிருத்தல் நன்று.

“தம்பி, தவில் அடித்தால் தாங்குமா?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “அடிச்சே பாப்பம் சேர்” என்று வெறும் அட்டைப்பெட்டியொன்றை எடுத்தார். நாம் கருவியைத் திறந்து, காதுக்குழாயை மாட்டிக்கொண்டு முதலில் மெல்ல முணுமுணுத்தோம். பின்பு அவர் பெட்டியில் ஓங்கித் தட்டினார். தானியங்கி அளவு பூட்டியிருந்தபோது முணுமுணுப்பும் தட்டலும் ஏறக்குறைய ஒரே அளவிற் கேட்டன. அதனை நிறுத்தியதும் மெல்லியது மெல்லியதாகவும் வலியது வலியதாகவும் கேட்டது. இசைக்கு வேண்டியது இதுவே. தானியங்கி அளவை நிறுத்த வசதியில்லாத கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது. காதுக்குழாய் செருகும் துளையும், ஒலியின் அளவைக் காட்டும் கோடும் அவ்வாறே இன்றியமையாதவை.

இறுதியில் இரண்டு கருவிகள் மேசையில் எஞ்சின. ஒன்று ஒலியளவைக் கையாற் கூட்டிக் குறைக்கும் வட்டத் திருகி கொண்ட 24 பிட் கருவி. இத்தகையதை வாங்குவோர், மிக உரத்த இடத்தில் முள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு வைத்துக்கொள்ளல் வேண்டும். கச்சேரி சூடேறும்போது வித்துவான்கள் முன்னிலும் ஓங்கி வாசிப்பார்கள். அந்த இடைவெளி அதற்கே. மற்றையது 2024 இல் வெளிவந்த சூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல். இது 32 பிட் மிதவைக் கணக்கிற் பதிவதாகையால் அளவுத் திருகியே இல்லை. குறைவாகவோ கூடுதலாகவோ பதிந்ததைப் பின்னர் வீட்டிலிருந்தே சீர்செய்யலாம். கச்சேரியில் மூழ்கினால் திருகியை மறந்துவிடும் எம்மனையோர்க்கு இதுவே ஏற்றதெனக் கொண்டோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒலிவாங்கி தானே திணறினால் எந்த பிட்டும் உதவாது. அக்கருவியின் ஒலிவாங்கிகள் தாங்குவது 120 டெசிபெல் வரை எனத் தயாரித்தோர் குறித்துள்ளனர். தவிலுக்கு அரையடி தூரத்தில் அதனை வைப்பது அறிவீனம்.

எங்கே வைப்பது என்பது, எதை வாங்குவது என்பதிலும் பெரிய கேள்வி. நாதஸ்வரத்தின் ஓசை, அணசு எனப்படும் அதன் விரிந்த முகம் நோக்கும் திசையிலேதான் தெளிவாக இருக்கும். ஆதலால் வித்துவானுக்கு நேர் முன்னே, எட்டுப் பத்தடி தள்ளி, சிறு முக்காலியில் அணசின் உயரத்துக்கு நிறுத்துவது நல்லது. தவிலில் வலது பக்கம் விரற்கூடு இட்ட கையாலும் இடது பக்கம் கழியாலும் வாசிக்கப்படுவதால், பக்கவாட்டில் வைத்தால் ஒரு பக்கமே மேலோங்கும். இன்னொன்று: தாளம் போடுபவருக்கு அருகில் ஒருபோதும் வைக்கலாகாது. அந்தச் சிறு கைத்தாளம் கூரிய ஓசையால் அத்தனை பேரையும் விழுங்கிவிடும். ஒலிபெருக்கியின் முன் வைத்தாலோ கிடைப்பது கச்சேரியன்று, ஒலிபெருக்கியே.

மற்றவை சில்லறைச் செய்திகள். ஆயினும் சில்லறையில்லாமற் பஸ்ஸேற முடியாது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில், திறந்த வெளியிற் பதிவோர் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை மாட்டுதல் வேண்டும். விசிறியின் அடியொலியைக் குறைக்கும் வசதி இருப்பின் பயன்படுத்தலாம். ஆனால் தவிலின் அடிநாதமும் சிறிது மெலியும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மணிநேரப் பதிவுக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். 32 பிட்டில் 1.4 ஜிபி வரை செல்லும். இடம் மிச்சம் பிடிக்க எம்பி3 வகையிற் பதிந்தால் ஒலியின் நுட்பங்கள் கழிந்துபோகும், கழிந்தவை மீளா. புதிய பற்றரி இட்டு, மாற்றுப் பற்றரியும் கையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன், வாசிப்பவரிடம் அனுமதி கேட்டல் வேண்டும். அவருடைய இசை அவருடையது.

திருவிழா இரவு வந்தது. சீடப்பிள்ளையிடம் அனுமதி பெற்று, சொன்னபடியே முக்காலியை நிறுத்தினோம். பொத்தானை அழுத்தியபின் கருவியை நாம் தொடவேயில்லை. மூன்று மணிநேரம் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரியைக் கேட்டோம். பதிவு செய்வதன் பெரும் பயன், பதிவை மறந்து கேட்கக் கிடைப்பதுதான் என்று அன்று தோன்றியது.

மறுநாள் மாலை அம்முதிய வித்துவானிடம் சென்றோம். காதுக்குழாயை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அசையாதிருந்தார். விரல்கள் மட்டும் இல்லாத குழலின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. “பொடியன் நல்லா வாசிச்சிருக்கிறான். மூச்சைத்தான் அவசரப்படுத்துறான், சொல்லிக் குடுக்கோணும்” என்றார். சற்றுப் பொறுத்து, “நான் கடைசியா வாசிச்ச தோடி உங்களிட்ட இருக்கெண்டு சொன்னியள். அதைப் போடுங்கோ” என்றார்.

நாம் தயங்கினோம். பழுதானதென்று சொன்னோம். “பரவாயில்லை” என்றார். போட்டோம். முதல் எட்டு நிமிடமும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தவில் விழும் இடம் வந்ததும் அவரே கையை உயர்த்தி, “காணும், நிப்பாட்டுங்கோ” என்றார். அதற்குமேல் அவரும் ஒன்றும் கூறவில்லை, நாமும் கூறவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

அந்த எட்டு நிமிடத்தையும், சீடப்பிள்ளையின் மூன்று மணிநேரத்தையும் இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். ஒன்று எமது கணினியில். ஒன்று கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில். ஒன்று கடல் கடந்து இலண்டனில் தங்கையிடம். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைப்பதன் விலை என்னவென்று எம் வீட்டாருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் பாடும் பாட்டியோ வாசிக்கும் பெரியப்பாவோ இருப்பின், கருவி வாங்குமட்டும் காத்திராமல் அவரை முதலில் ஒருமுறை நன்றாகக் கேட்டுவிடுங்கள். பின்பு கருவியை வாங்குங்கள். ஆனால் அடுத்த திருவிழாவுக்கென்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.