சுருதி நழுவும் இடம்

எலக்ட்ரிக் கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்றால் முதலில் பழி விழுவது கம்பியை இறுக்கும் கீகளின் மேல்தான். "அண்ணா, கீ மாத்திடலாமா?" என்று கேட்டு வரும் தம்பிகளில் பலர், எந்தக் கீ வாங்குவது என்று முடிவு செய்துவிட்டே வருகிறார்கள். மெல்லிசை மேடைகளிலும் சர்ச் இசைக் குழுக்களிலும் வாசிக்கிற பிள்ளைகள். சேர்த்து வைத்த காசில் சில ஆயிரம் போகப்போகிறது. போன பிறகும் சுருதி நிற்காவிட்டால் கிட்டாரின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அப்படி வெறுத்து ஒதுக்கப்பட்ட நல்ல கிட்டார்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சந்தேகம் நமக்கு இயல்பாக வருவதுதான். வீணையும் வயலினும் பார்த்து வளர்ந்த ஊர் இது. வீணையின் மரப் பிரடை துளைக்குள் உராய்வின் பிடிமானத்தில் மட்டுமே நிற்கிறது. ஐப்பசி மழையில் ஊறி இறுகும், வெயில் காலத்தில் சுருங்கி நழுவும். அங்கே சுருதி இறங்கினால் பிரடையைச் சந்தேகிப்பது நியாயம். கிட்டார் கீயின் அமைப்பே வேறு. உள்ளே மரை வெட்டிய ஒரு தண்டும் ஒரு பல்சக்கரமும் இருக்கின்றன. வெளியே நீட்டியிருக்கும் காதைத் திருகினால் தண்டு சக்கரத்தைத் தள்ளும். சக்கரத்தால் தண்டைத் திருப்பித் தள்ள முடியாது. 'பத்து செட்' கம்பி போட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முதல் கம்பி மட்டுமே ஏழு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுப்புக்குத் தேயாத கீ ஒரு துளியும் பின்வாங்காது. 1950களில் ஃபெண்டருக்கும் கிப்சனுக்கும் க்ளூசன் செய்துகொடுத்த எளிய கீகளோடு இன்றும் எத்தனையோ கிட்டார்கள் மேடையேறுகின்றன.

அப்படியானால் எங்கே நழுவுகிறது? பெரும்பாலும் நட்டில். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஆறு பள்ளங்களோடு இருக்கிறதே, எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த அந்தச் சின்னக் கட்டை. ஒரு கம்பியை விரலால் தள்ளி வளைக்கும்போது, தலைப் பக்கம் இருக்கும் கம்பியில் கொஞ்சம் நட்டின் பள்ளம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. விரலை எடுத்ததும் அது திரும்பிப் போக வேண்டும். பள்ளம் குறுகலாக இருந்தால், அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்தால், பாதியில் சிக்கி நின்றுவிடும். சுருதி இறங்கிவிடும். கம்பிகளைத் தளர்த்தும் ட்ரெமலோ ஆர்மை அழுத்திவிட்டு எடுத்தால் இதே கோளாறு தலைகீழாக வரும்: கம்பி தலைப் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ள, சுருதி ஏறி நிற்கும். சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுரம் திடீரெனத் தாவுகிறதா? அது சிக்கிய கம்பி விடுபடும் சத்தம்.

எவ்வளவு நழுவினால் காதில் விழும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுருதிக்கு இழுத்த நிலையில் முதல் கம்பி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. தடிமனான, சுற்றுக் கம்பி இல்லாத மூன்றாம் கம்பி, அதாவது ஜி கம்பி, 2 மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. இழுவிசையில் நூற்றில் ஒரு பங்கு மாறினால் சுருதி ஒன்பது சென்ட் வரை மாறும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். ஜி கம்பி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நழுவினாலே அவ்வளவு மாறிவிடும். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை அது. அதே அளவு முதல் கம்பியில் நழுவினால் பிசகு மூன்றில் ஒரு பங்குதான். எல்லாக் கிட்டார்க்காரர்களும் மூன்றாம் கம்பியைத் திட்டுவது இதனால்தான். அந்தக் கம்பியின் கீயைத் தனியாகக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

கிப்சன் லெஸ் பாலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 1950களின் கிட்டார்களில் 17 டிகிரி. போதாதற்கு ஒரு பக்கத்துக்கு மூன்று கீ என்பதால் நடுவில் உள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டிலும் திரும்பிப் போகின்றன. இரண்டு திசையிலும் வளைந்த கம்பி பள்ளத்தின் ஓரத்தில் உரசாமல் என்ன செய்யும்? ஃபெண்டர் தலையில் ஆறு கீகளும் ஒரே வரிசை, கம்பி நேராகப் போகிறது. ஆனால் தலை சாயாததால், மெல்லிய கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்க ஒரு கொக்கி தேவைப்படுகிறது. உரசுவதற்கு அங்கே அந்தக் கொக்கி.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பெரிய ஆசான் ஃப்ளாய்ட் ரோஸ். 1970களின் நடுவில் ஒரு ராக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர், ட்ரெமலோவை விடாமல் பயன்படுத்துபவர். ஒவ்வொரு முறையும் சுருதி கலைந்தது. நகை செய்யும் வேலை தெரிந்த அந்தக் கைகள் கீயைத் தொடவில்லை. பித்தளையில் நட்டைச் செய்து, கம்பிகளை நட்டிலேயே கவ்விப் பூட்டிவிட்டார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் அதை எடுத்துக்கொண்டதும் உலகம் முழுக்கப் பரவியது. நட்டில் பூட்டியபின் கீக்கு வேலையே இல்லை. அதைக் கழற்றி எறிந்தால்கூடச் சுருதி நிற்கும். கீயில் கோளாறு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கண்டுபிடிப்பை யோசித்துப் பார்த்தாலே போதும்.

இதற்கு நேர்மாறாகப் போனது கிப்சன். 2015இல் தன் அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் வைத்து, தானாகச் சுருதி சேர்க்கும் கீகளைப் பொருத்தியது. வாசிப்பவர்கள் ஏற்கவில்லை. மறு ஆண்டே சாதாரணக் கீ வைத்த மாதிரிகள் திரும்ப வந்தன. சுருதியைச் சேர்ப்பது வேறு, சேர்த்த சுருதி நிற்பது வேறு.

லாக்கிங் கீ நல்ல பொருள்தான். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் கம்பி சுற்றும் தண்டில் அரைச் சுற்றே போதும், கம்பி மாற்றுவது நிமிட வேலை. சுற்று சரியாகப் போடாதவர்களுக்கு அதனால் சுருதியும் கொஞ்சம் நிலைக்கும். சாதாரணக் கீயில் இரண்டு மூன்று சுற்று, ஒன்றன் கீழ் ஒன்றாக, மேலே ஏறிக்கொள்ளாமல் சுற்றினால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கிறது. 15:1 கீயை விட்டு 18:1 கீ வாங்கினால் சுருதி நிற்கும் என்று சொல்வதிலும் பொருளில்லை. காதை எத்தனை முறை திருகினால் கம்பி சுற்றும் தண்டு ஒரு முறை சுழலும் என்பதுதான் அந்த எண். நுணுக்கமாகச் சேர்க்க உதவும், அவ்வளவே.

நம் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு, வெப்பம். ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு 10 டிகிரி சூடான திறந்த மேடைக்குப் போனால் கம்பி நீள்கிறது. ஜி கம்பி மட்டும் அரைச்சுரத்தில் கால் பங்குவரை இறங்கக்கூடும். கோவில் திருவிழா மேடைகளில் விளக்குச் சூட்டில் நடப்பது இதுதான். கிட்டாரை முன்னதாகவே மேடையில் கொண்டுபோய் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துச் சுருதி சேர்க்க வேண்டும். உலகத்தின் விலையுயர்ந்த கீயும் இதைத் தடுக்காது.

இன்னொன்று காது சம்பந்தப்பட்டது. தம்பூராவோடு பழகிய காதுக்கு அந்தர காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் அந்த இடத்தைவிட 14 சென்ட் ஏற்றி வைக்கின்றன. ஈ மேஜர் கார்டு வாசித்தால் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் அந்தக் காந்தாரம் விழும். ஏறி ஒலிக்கிறதே என்று கம்பியை இறக்குவோம். அடுத்து ஜி மேஜர் போட்டால் அதே கம்பி ஸட்ஜமாகி, இறங்கி ஒலிக்கும். மறுபடி ஏற்றுவோம். இப்படி மாறி மாறித் திருகிவிட்டு, "கீ நிக்கவே மாட்டேங்குது" என்று வருபவர்கள் உண்டு. அவர்களுடைய காது நல்ல காது. கருவியின் சமரசத்தை யாரும் சொல்லித்தராததுதான் குறை. கிட்டார் பிரசன்னா போல எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு நட்டின் வழுவழுப்பு இன்னும் முக்கியம், கமகத்துக்காகக் கம்பியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நட்டுக்குச் சோதனை.

சோதிக்கும் விதம் சுலபம். சுருதி சேருங்கள். ஒரு கம்பியை நன்றாக வளைத்து விடுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் கீக்கும் நடுவே அந்தக் கம்பியை விரலால் ஒரு அழுத்து அழுத்துங்கள். பழைய இடத்துக்கு வந்துவிட்டால் குற்றவாளி நட். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் அந்தக் கரி கம்பியை வழுக்கவிடும். அதற்கும் அடங்காவிட்டால், கம்பியின் தடிமனுக்கேற்ற அரம் வைத்திருக்கும் ஒருவரிடம் பள்ளத்தைச் சீராக்கச் சொல்லுங்கள். ஒன்பது செட்டிலிருந்து அதைவிடத் தடிமனான பதினொன்றுக்கு மாறியவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பல்சக்கரத்தின் இடைவெளியும் நட்டில் தேங்கிய கம்பியும் அப்போதுதான் சரியாகும்.

கீயையும் விசாரிக்காமல் விட வேண்டாம். கம்பி சுற்றும் தண்டின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க வாசித்துவிட்டுப் பாருங்கள். காதைத் தொடாமலே கோடு நகர்ந்திருந்தால் கீ தேய்ந்துவிட்டது. காதைத் திருகும்போது தண்டு சுழலாமல் சும்மா நின்று பிறகு சுழன்றாலும், பற்கள் நொறுங்கியிருந்தாலும், பழைய பிளாஸ்டிக் காது உதிர்ந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள். தண்டு துளையில் ஆடினால் முதலில் திருகுகளையும் மேலே உள்ள மரையையும் இறுக்கிப் பாருங்கள். பாதிக் கீகள் அதிலேயே பிழைத்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், இருக்கும் துளைக்குப் பொருந்துகிற கீயாகவே வாங்குங்கள். க்ளூசன் வகைக்குத் துளை 9 மில்லிமீட்டருக்குள். க்ரோவர் ரோட்டோமேட்டிக் போன்றவற்றுக்கு 10 வேண்டும். 1960களிலும் 70களிலும் எத்தனையோ பழைய லெஸ் பால்களின் தலையைத் துளைத்து க்ரோவர் பொருத்தினார்கள். சேகரிப்பவர்கள் இன்று அவற்றுக்கு விலை குறைத்தே தருகிறார்கள். மரத்தில் பெரிதாக்கிய துளை பழையபடி ஆகாது. புதுக் கம்பி, நட்டுக்கு அரம், பென்சில் கரி, இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். கீக்கு வைத்திருந்த பணத்தை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், தம்பிகளே.