படையும் குடியும்

வாளேந்திய கை நிலமளக்குஞ் சங்கிலியையும் ஏந்தல் கூடுமோ? கூடும் என்பதற்குக் கொல்லிமலை அடிவாரத்து வரலாறே சான்றாகும். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம், நாமக்கல் பகுதிகளையும் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். போரால் நிலைகுலைந்த அந்நாட்டைச் செப்பஞ்செய்யும் பொறுப்பை, கார்ன்வாலிஸ் பிரபு சிவில் அதிகாரிகளிடம் விடுத்திலர். அவருட் பலர் நாட்டுமொழி அறியாதவர். ஆதலின் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரை அனுப்பினார். கிரஹாம், மக்ளியட், தாமஸ் மன்றோ என்னும் படைஞர் மூவர் ரீடுக்குத் துணையாயினர்.

இன்னோர் ஊரூராகச் சென்று, வயல்தோறும் அளந்து, உழவர் குறைகளைச் செவிமடுத்தனர். உழவன் இடையாளரின்றி அரசுக்கு நேரே வரி செலுத்தும் இரயத்துவாரி முறை இவ்வாறு வளர்ந்தது. கும்பினியாரின் முதல் நோக்கம் வரியே என்பதை யாம் மறந்தோமல்லேம். எனினும், 1799 வரை அங்கு உழைத்த மன்றோ, பின்னர்ச் சென்னைக் கவர்னராகி 1824இல் எழுதிய குறிப்பொன்றில், இந்நாட்டாருக்கு உயர்ந்த பொறுப்புக்களை அளித்தல் வேண்டும் என்றும், அளியாதவழி அவர்தம் பண்பே தாழும் என்றும் வற்புறுத்தினார். இஃதன்றோ உதவியின் உரைகல்! அயலார் இருபதாண்டுகள் பெரும்பொருள் செலவிட்டுப் பயிற்றிய ஆப்கானிஸ்தானத்துப் படை, அவர் நீங்கிய 2021ஆம் ஆண்டிலேயே சிதறியது. பிறர் தோளிலேயே நின்றது, தோள் விலகின் வீழாது என் செய்யும்?

இவ்வுண்மையை யாம் சிறிய அளவிற் கண்டது கொல்லிமலைப் பைல் நாட்டிலே. சென்ற விடுமுறையில் தேசிய மாணவர் படையினராய், எழுபது கொண்டையூசி வளைவுகளையுங் கடந்து அங்குச் சென்றோம். மழையிற் சரிந்த வாய்க்காற்கரை ஒன்றைக் கட்டுதல் எம் பணி. இரண்டாம் நாள், ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மருகே வந்து நின்றார். “தம்பி, நீங்கள் நான்கு நாளிற் போய்விடுவீர்கள், அடுத்த மழைக்கு யார் வருவார்?” என வினவினார். பின்னர், எம் கையிலிருந்த ரசமட்டத்தைச் சுட்டி, அதனைப் பார்க்கும் வகையைத் தம் ஊர்ப் பிள்ளைகட்குக் கற்பிக்குமாறு வேண்டினார், வேறொன்றும் வேண்டினாரல்லர்.

அன்று முதல் வேலை இருபாலதாயிற்று. மட்டம் பார்க்கும் வகையை யாம் உரைத்தோம். சுண்ணமுஞ் சிமிட்டியுமின்றிக் கல்லைக் கல்லொடு பிணைத்தடுக்கும் திறத்தை அவ்விளைஞர் எமக்குக் காட்டினர். எம் கட்டினும் அவர் கட்டே உறுதியாய் நின்றது. ஆற்றல் அவ்வூரில் முன்னரே இருந்தது. குறைந்தது ஒரு சிறு கருவியே. புறப்படுங்கால், எம் தலைவரின் இசைவுபெற்று ரசமட்டத்தை அவ்வூரிலேயே விடுத்தோம்.

தோழர்காள்! நம்முட் சிலர் நாளை படையிற் சேர்வர். சிலர் கலெக்டராகவும் ஆசிரியராகவும் அறியாத ஊர்களுக்குச் செல்வர். செல்லுமிடத்து, ‘இவர்க்கு யாம் யாது செய்வேம்’ என்று எண்ணுமுன், ‘இவர் யாது வல்லர்’ என்று கேட்போமாக. நாம் நீங்கிய மறுநாளும் நடைபெறும் பணியே பணி.