நாவலூர் மாடியில் ஒரு குன்னூர்ச் செடி

குன்னூர் போனால் எல்லோரும் வர்க்கியும் தைலமும் வாங்கி வருவார்கள். நான் மடியில் ஒரு செடியை வைத்துக்கொண்டு வந்தேன்!

எல்லாம் ஒரு பழத்தால் வந்த வினை. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்துக் கடையில் தக்காளி மாதிரி ஒரு பழம். பெர்சிமன் என்றார்கள், தமிழில் சீமைப் பனிச்சை. "கடிச்சுப் பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கடித்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. கடைக்காரர் சிரித்தார். "அரிசிப் பானையிலே வாழைப்பழத்தோட நாலு நாள் வையுங்கம்மா. கூழா ஆனப்புறம் ஸ்பூனால வழிச்சுச் சாப்பிடுங்க." அப்படியே செய்தேன். தேன்தான்! (காயாகவே கடித்துத் தின்னும் ரகமும் உண்டு. எதுவானாலும் வெறும் வயிற்றில் நிறைய வேண்டாம். இதிலுள்ள துவர்ப்பு, வயிற்று அமிலத்தில் கட்டியாக உறைந்துவிடலாம்.)

செடியை நாவலூர் மாடியில் ட்ரம்மில் வைத்தேன். இரண்டு வருஷம் இலையாய்த் தள்ளியது. சித்திரை வெயிலில் ஓரம் கருகியது. பூவே வரவில்லை. சீனாவில் பிறந்த இந்த மரம், குளிரில் இலை முழுக்க உதிர்த்துவிட்டுக் கொஞ்ச காலம் தூங்க வேண்டுமாம். நம் ஊர் மார்கழி அதற்கு எந்த மூலைக்கு?

வேலைக்கு வரும் அம்மா, நான் கடையில் வாங்கி வைத்திருந்த பழத்தைத் திருப்பிப் பார்த்தார். காம்படியில் தடித்த பச்சைத் தொப்பி. "எங்க ஊர்க் கோயில் தோப்பிலே இதே தொப்பி போட்ட காய் இருக்கும்மா. ஆனா சுண்டைக்காய் அத்தனைதான்."

ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். கேளம்பாக்கம் தாண்டி ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. தோப்பில் நுழைந்தால் அப்படி ஒரு குளிர்ச்சி! குட்டை இலையும் இரும்பு போன்ற கட்டையுமாய் இரும்பிலி நின்றது. சிவந்த பழம் ஒன்றை வாயில் போட்டேன், லேசான இனிப்பு. பக்கத்தில் வக்கணை. அதற்கும் தொப்பி உண்டு. கை நீட்டினேன். "ஐயோ, அது வேணாம்மா! மீனைக் கிறங்க வைக்கிற காய்!" தொப்பியைப் பார்த்தால் குடும்பம்தான் தெரியும், குணம் தெரியாது. நல்ல வேளை, அந்த அம்மா கூட இருந்தார்.

பீடி சுற்றும் இலை இந்தக் குடும்பம்தான். அந்தக் காலத்தில் மீன் வலைக்கும் படகுக்கும் சாறு பூசிய பனிச்சங்காயும், ஆளாளுக்கு இப்போது மாலையாய்ப் போட்டுக்கொள்ளும் கருங்காலியும் இதே குடும்பம். கருங்காலியில் நடு வைரம் மட்டும்தான் கறுப்பு, வெளிக்கட்டை வெளுப்பு. அந்த வைரம் ஏறப் பல காலம் ஆகும். இத்தனை மாலைக்கு மரம் எங்கே என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தோப்பின் மறுபக்கம் மனைக்கல் நட்டு மஞ்சள் அடித்திருந்தார்கள். "சாமி மரம்னு இதுவரை கை வைக்கலை" என்றார். குரலில் தெம்பில்லை.

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி வந்து ஏழு விதை போட்டேன். நாலு முளைத்திருக்கிறது. இரும்பிலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரை தெரியாது. அதனால் நாலையுமே தோப்போரம் சேர்த்து நட, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன்.

குன்னூர்ச் செடியா? அடுத்த மாதம் நாத்தனார் மலைக்குப் போகிறாளாம். அவள் மடியில் வைத்து அனுப்பப் போகிறேன்.